மாறிய மோட்கேஜ் விதிகள்: ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்குவோர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கனடாவில் 20 வீதத்துக்குக் குறைந்த முற்பணத்தில், கடன் காப்புறுதியுடன் எடுக்கும் மோட்கேஜுக்கான (வீட்டுக் கடனுக்கான) வீட்டு விலை வரம்பு, 2024 டிசம்பர் 15 முதல் 1 மில்லியன் டொலரிலிருந்து 1.5 மில்லியனாக உயர்ந்தது. அன்றிலிருந்து முதல் வீடு வாங்குவோர், வீடு பழையதோ புதியதோ, காப்புறுதி மோட்கேஜை 25 வருடத்துக்குப் பதிலாக 30 வருடத்தில் கட்டலாம். "இனி 20 வீதம் முற்பணம் வேண்டாம்" என்ற பேச்சு அதன் பிறகுதான் பரவியது. 1.5 மில்லியனுக்குட்பட்ட வீட்டுக்குப் பேச்சு சரிதான். ஆனால் முற்பணம் குறைந்த அளவுக்குக் கடன் கூடும், அந்தக் கடனுக்கு வருமானம் காட்ட வேண்டும். அந்த விதி தளரவில்லை.

1.2 மில்லியன் டொலர் வீட்டை எடுப்போம். முன்பு 240,000 முற்பணம் தேவை. இப்போது முதல் 500,000க்கு 5 வீதமும் மீதி 700,000க்கு 10 வீதமுமாக 95,000 போதும். கடன் 1,105,000. காப்புறுதிக் கட்டணம் 4 வீதம், 30 வருடத் தவணைக்கு மேலதிகமாக 0.20 வீதம்; அந்த 46,410 டொலரும் கடனோடு சேரும். வங்கி தரும் வட்டி 4.5 வீதம் என்றாலும், தகுதியைப் பார்ப்பது 6.5 வீதத்தில்தான். உங்கள் வட்டியோடு 2 வீதம் கூட்டியது அல்லது 5.25 வீதம், இவற்றில் எது அதிகமோ அதுவே சோதனை வட்டி. தவணை, வீட்டு வரி, வெப்பச் செலவு மூன்றும் வரிக்கு முந்திய வருமானத்தில் 39 வீதத்தைத் தாண்டக்கூடாது. இந்த வீட்டுக்குக் குடும்ப வருமானம் ஏறத்தாழ 240,000 வேண்டும். கையில் 95,000 இருப்பதால் மட்டும் இந்த விலையில் வீடு தேடத் தொடங்காதீர்கள்.

30 வருடம் யாருக்கு உதவும்? 800,000 டொலர் வீட்டுக்கு முற்பணம் 55,000. 4.5 வீத வட்டியில் 25 வருடத் தவணை மாதம் சுமார் 4,290. 30 வருடம் என்றால் சுமார் 3,915. தேவைப்படும் வருமானமும் ஏறத்தாழ 10,000 குறையும். ஆனால் வட்டி கடைசி வரை அப்படியே இருந்தால், மொத்தம் 120,000 டொலருக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். தகுதி மயிரிழையில் தவறுகிறவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். 25 வருடத்துக்கே தகுதி உள்ளவர்கள் எடுத்தால், மிச்சமாகும் பணத்தில் முடிந்ததைக் கடனின் அசலில் கட்டிக் கழிக்க வேண்டும். வருடத்துக்கு எவ்வளவு முன்கூட்டிக் கட்ட அனுமதி என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் இடறுவது "முதல் வீடு" என்ற வரையறையில். அது விதிக்கு விதி மாறும். 30 வருடத் தவணைக்குக் கடன் எடுப்பவர்களில் ஒருவர் முதல் முறை வாங்குபவராக இருந்தால் போதும். கடந்த நான்கு வருடத்தில் சொந்த வீட்டில் குடியிராதவரும் அதில் அடங்குவார். ஒன்ராறியோ காணி மாற்ற வரிச் சலுகைக்கோ உலகில் எங்கும், எக்காலத்திலும் வீடு இருந்திருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடும், ஊரில் பங்கு பிரித்த வீட்டில் ஒரு பாகமும் கணக்கில் வரும். திருமணத்துக்குப் பின் துணைவர் பெயரில் வீடு இருந்திருந்தாலும் சலுகை இல்லை. அப்பா அம்மாவை உறுதியில் சேர்த்தால் அவர்களுடைய பங்கின் அளவுக்குச் சலுகை குறையும். இதையெல்லாம் சட்டத்தரணியிடம் கையெழுத்து நாளில் அல்ல, வீடு தேடும்போதே சொல்லுங்கள்.

காணி மாற்ற வரி சின்னத் தொகை அல்ல. 800,000 டொலர் வீட்டுக்கு மாகாண வரி 12,475. முதல் வீட்டுச் சலுகை 4,000 போக 8,475. ஸ்டீல்ஸ் அவென்யூவுக்கு வடக்கே மார்க்கத்தில் வாங்கினால் அதோடு முடிந்தது. தெற்கே ஸ்காபரோவில் வாங்கினால் ரொறன்ரோ நகர வரி இன்னொரு 12,475. சலுகை 4,475 போக மேலும் 8,000 வேண்டும். காப்புறுதிக் கட்டணத்தின் மீதான 8 வீத மாகாண விற்பனை வரியையும் கடனில் சேர்க்க முடியாது. இந்த வீட்டுக்கு அது சுமார் 2,500. எல்லாம் வீடு கைமாறும் நாளில் கையிலிருந்து போகும் காசு.

முற்பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கி 90 நாள் கணக்கு விபரம் கேட்கும். சீட்டு எடுத்த காசைக் கடைசி வாரத்தில் கணக்கில் போட்டால் விளக்கம் சொல்லி மாளாது. பெற்றோர் தருவதாக இருந்தால் திருப்பித் தரத் தேவையில்லை என்ற அன்பளிப்புக் கடிதம் வேண்டும். நண்பரிடம் வாங்கினால் அது கடன், அதையும் காட்டியாக வேண்டும்.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கான எஃப்எச்எஸ்ஏவில் வருடம் 8,000, மொத்தம் 40,000 போடலாம். காசு போடுவதற்கான அந்த இடம் சேரத் தொடங்குவது கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான். ஆகவே வாங்க இரண்டு வருடம் இருந்தாலும் இப்போதே திறந்துவிடுங்கள். ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பியிலிருந்து வீடு வாங்க எடுக்கும் வரம்பு 2024 ஏப்ரல் 16க்குப் பின் 35,000இலிருந்து 60,000 ஆனது. போட்ட காசு 90 நாளாவது அங்கே கிடக்க வேண்டும், பிறகு 15 வருடத்தில் திருப்பிப் போட வேண்டும். எஃப்எச்எஸ்ஏ காசைத் திருப்பத் தேவையில்லை என்பதால் முதலில் அதை நிரப்புவதே நல்லது.

கடன் ஒப்புதல் வந்த பிறகு வீடு கைமாறும்வரை புதுக் கார் எடுக்காதீர்கள். வங்கி கிரெடிட் அறிக்கையை மறுபடி பார்க்கலாம். மற்றக் கடன்களின் தவணையையும் சேர்த்தால் எல்லை வருமானத்தில் 44 வீதம். அந்த எல்லையைத் தொட்டவருக்கு, மாதம் 100 டொலர் கட்டும் புதுக் கடன் ஒவ்வொன்றும் வீட்டுக் கடனில் சுமார் 16,000 டொலரைக் குறைத்துவிடும்.