நின்ற இடத்திலேயே உழைத்த வண்டிகள்

அமெரிக்கப் புறநகர் ஊர் ஒன்றில் இருபது, முப்பது வருடம் சேவை செய்த தீயணைப்பு வண்டியின் மைல்மீட்டரைப் பார்த்து அதன் உழைப்பைக் கணக்குப் போட முடியாது. ஊர் சின்னது, நிலையத்திலிருந்து எந்த வீடும் பக்கம்தான். போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்ஜினுக்கு உண்மையான வேலையே ஆரம்பம்.

ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய புறநகரான வெய்னில் இருக்கும் ராட்னர் தீயணைப்புக் குழு, 1906ல் வாட்டரஸ் கம்பெனியிடம் ஒரு வண்டி வாங்கியது. மற்ற ஊர்களில் குதிரைகள் நீராவிப் பம்புகளை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. இதுவோ பெட்ரோலில் ஓடியது, பெட்ரோலிலேயே தண்ணீரையும் இறைத்தது. அதில் இரண்டு இன்ஜின்கள்: ஒன்று சக்கரத்துக்கு, மற்றது பம்புக்கு. அடுத்த வருடமே அந்தக் கம்பெனி கலிபோர்னியாவின் அலமீடாவுக்கு, ஒரே இன்ஜின் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வண்டியைக் கொடுத்தது. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஒரு நெம்புகோலை மாற்றுவார். சக்கரத்துக்குப் போன சுழற்சி பம்புக்குத் திரும்பும்.

இதில் ஒரு சிக்கல். ஓடும் வண்டிக்கு ரேடியேட்டரில் எதிர்க்காற்று அடிக்கும். நின்றுகொண்டு மணிக்கணக்கில் முழுவேகத்தில் உறுமும் இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பம்பில் ஓடும் தண்ணீரிலேயே கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் வழியாகத் திருப்பி, இன்ஜினைக் குளிரவைக்கும் ஏற்பாடு வந்தது. நெருப்பை அணைக்கப் போகும் தண்ணீரே போகிற வழியில் இன்ஜினின் சூட்டையும் தணித்துவிடுகிறது. எனக்கு இந்த வண்டிகளில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

பம்பிலும் வகைகள் உண்டு. சின்சினாட்டியில் தயாரான அஹ்ரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டிகளை எட்ட நின்றே அடையாளம் சொல்லலாம். முன்சக்கரங்களுக்கும் முன்னால் பிஸ்டன் பம்பு, அதன் தலைமேல் பளபளக்கும் உலோக உருண்டை. அதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிஸ்டன் ஒவ்வொரு தள்ளலுக்கும் தண்ணீரை விட்டுவிட்டுத் தள்ளும். உருண்டைக்குள் அடைபட்ட காற்று, தள்ளும்போது அமுங்கி, இடைவெளியில் விரிந்து அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். முனையில் தண்ணீர் சீராக வரும். அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் கம்பெனி அந்தக் காலத்தில் சுழல் பல்சக்கரப் பம்புகளை வைத்தது. பற்களின் இடுக்கில் தண்ணீர் மாட்டி முன்னே போகும். மணல் கலந்த குளத்துத் தண்ணீர் அந்தப் பற்களை அரித்துவிடும் என்பது அதன் பலவீனம்.

கடைசியில் ஜெயித்தது, இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கம் வீசும் மையவிலக்குப் பம்பு. தெருக்குழாயிலிருந்து வரும் அழுத்தத்தை வீணாக்காமல் தன் அழுத்தத்தோடு சேர்த்துக்கொள்ளும். யாராவது முனையைச் சட்டென்று மூடினாலும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரொம்ப நேரம் அப்படியே விட்டால் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும், அது வேறு. குறை ஒன்றுதான்: காற்றை அதனால் இழுக்க முடியாது. நம் ஊரில் கிணற்று பம்புசெட்டுக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறோமே, அதே கதை. தீயணைப்பு வண்டியில் அதற்கென்று தனியாக ஒரு குட்டிப் பம்பு காற்றை வெளியேற்றிக் கொடுக்கும். குழாய்க்குள் இருந்த காற்று வெளியேறியதும், வெளியிலிருக்கும் வளிமண்டல அழுத்தம்தான் குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. ஏட்டுக்கணக்கில் 10.3 மீட்டர் வரை ஏறலாம். நடைமுறையில் 6, 7 மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம்.

வண்டிக்கு வயதாகிறதா என்பதைக் காட்டுவது வருடாந்திர பம்பு சோதனை. குளக்கரையில் நிறுத்தி, சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் பம்பின் முழுக்கொள்ளளவையும் 20 நிமிடம் இறைக்க வேண்டும். அப்புறம் 200 பவுண்டில் 70 சதவீதம், 250ல் பாதி. அழுத்தம் ஏற ஏற அளவு குறைவது இயல்பு. இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே பின்னோக்கிக் கசியும், அதே அளவை எட்ட இன்ஜின் கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும். போன வருடத்துக் குறிப்பையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் வைத்தால் தேய்மானம் தெரிந்துவிடும்.

ஆனால் சோதனையில் தேறிய வண்டிகளும் ஓய்வு பெற்றன. மேற்கூரை இல்லாத ஓட்டுநர் இருக்கை, பின்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன வீரர்கள், சீட் பெல்ட் கிடையாது. பம்பு நன்றாக இருந்தும் இவற்றால் ஒதுக்கப்பட்டவை ஏராளம். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் பரிந்துரை, 15 வருடம் கடந்ததை மாற்று வண்டியாக வைக்கவும், 25ஐத் தாண்டியதைக் கழித்துவிடவும் சொல்கிறது. பெரிய ஊர் விற்றதைச் சின்ன ஊர் வாங்குவதும், பழையதை அணிவகுப்புக்கென்று நிலையமே வைத்துக்கொள்வதும் சகஜம்.

1958ல் தொடங்கிய பழைய தீயணைப்பு வண்டி ஆர்வலர் சங்கம் ஒன்று இவற்றைக் கூட்டி இன்றும் தண்ணீர் இறைக்கவைக்கிறது. அங்கே பம்பு அச்சின் ஓரத்தில் தண்ணீர் சொட்டுவதைக் காட்டி, 'ஐயா, லீக் ஆகுதே' என்று யாராவது சொன்னால் உரிமையாளர் கண்டுகொள்ள மாட்டார். அச்சைச் சுற்றி அடைத்திருக்கும் பழைய வகை பேக்கிங் கயிறு சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டு நின்றால் அச்சு சூடாகித் தேயும்.