உப்பளத்திலிருந்து புது ஆன்டிபயாடிக் வருமா?

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில், வரிசையாக 'ரெசிஸ்டன்ட்' (இந்த மருந்து கேட்காது) என்று வரும்போது நோயாளியின் வீட்டார் சிலர் கேட்பதுண்டு: “உப்புத் தண்ணியில வாழுற கிருமியில இருந்து புது மருந்து கண்டுபிடிச்சிருக்காங்களாமே மேடம்?”

அது பாதி உண்மை. கோவளம்–கேளம்பாக்கம் சாலையோரம் நாம் பார்க்கும் உப்பளம் போன்ற இடங்களில்தான் அந்தத் தேடல் நடக்கிறது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், உப்பு விளையும் பாத்தியில் 25-ஐத் தாண்டும். அதிலும் சில நுண்ணுயிர்கள் செல்லுக்குள் பொட்டாசியத்தைச் சேர்த்தோ, செல்லிலிருந்து நீர் வெளியேறாமல் காக்கும் எக்டோயின் போன்ற பொருளைத் தயாரித்தோ தாக்குப்பிடிக்கின்றன. அங்கேயும் இடத்துக்கும் இரைக்கும் போட்டி உண்டு. அருகில் வளர்வதை அடக்க ஹாலோசின் என்னும் புரதங்களைச் சில சுரக்கின்றன. 1982-ல் ஸ்பெயினின் ரோட்ரிகெஸ் வலேரா குழுவினர் இதை முதலில் விவரித்தார்கள்.

ஆனால் ஹாலோசினைச் சுரப்பவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் தனிக் குலம். அவை பெரும்பாலும் தம் உறவுக்கார உப்புயிரிகளைத்தான் கொல்லும், உங்கள் அம்மாவின் சிறுநீரில் இருக்கும் ஈ.கோலையை அல்ல. நான் அதிகம் நம்புவது உப்பைத் தாங்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும் பாக்டீரியா வகைகளை. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் தந்ததும் அந்தக் குடும்பம்தான். சாதாரண மண்ணில் தேடினால் தெரிந்த மருந்துகளே திரும்பத் திரும்பக் கிடைப்பதால் ஆய்வாளர்கள் உப்பு நிலத்துக்குப் போகிறார்கள். லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் கிருமி வளராத வட்டம் ஒன்று தெரிந்ததும் செய்தி வந்துவிடுகிறது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, பழைய மருந்தேதானா, ரத்தத்தில் நிலைக்குமா, சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவை பாதியிலேயே நின்றுபோகும்.

உப்பு கிருமியைக் கொல்லும் என்று நம்பிப் புண்ணோடு கடலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைப் பிரித்தறிய நாங்கள் லேபில் 7.5 சதவீத உப்புக் கலந்த வளர்ப்பு ஊடகத்தைத்தான் பயன்படுத்துகிறோம்; அதில் அது நன்றாகவே வளரும். கடலில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களின் உயிரையே பறிக்கக்கூடியது.

கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பபெனெம் ஆன்டிபயாடிக்குகளையே முறிக்கும் என்டிஎம்-1 என்னும் நொதி பற்றி 2010-ல் வெளிவந்த ஆய்வில் சென்னைக் கிருமிகளும் இருந்தன. அதனால்தான் இருக்கிற மருந்துகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். சாதாரண சளிக்கு மெடிக்கலில் நீங்களாக அசித்ரோமைசின் கேட்காதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு அவசியம். கல்ச்சர் எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர் ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.