ஹார்ட்வுட் தரை போடுறதுக்கு முன்னாடி ஒரு வீக்கக் கணக்கு

மழைக்காலத்துல சாத்த முடியாம இறுகிக்கிற மரக்கதவ எல்லாரும் பாத்திருப்போம், ரெண்டு மாசம் வெயில் அடிச்சா அதுவே ஒழுங்கா சாத்திக்கும். அந்தக் கதவ தரையில படுக்கப்போட்டு, பக்கத்துலயே இன்னும் பத்து கதவ நெருக்கி அடுக்கி, நாலு பக்கமும் சுவர் எழுப்பினா எப்படி இருக்கும்? ஹார்ட்வுட் தரைங்கறது கிட்டத்தட்ட அதுதான். கடைக்குப் போனா நம்ம கண்ணு கலர்லயும் பளபளப்புலயும்தான் நிக்கும், ஆனா பத்து வருஷம் கழிச்சு அந்தத் தரை என்ன கதியில இருக்கும்னு தீர்மானிக்கிறது காத்துல இருக்குற ஈரம்.

மரத்துக்குள்ள தண்ணி ரெண்டு இடத்துல இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நடுவுல இருக்குற வெத்து இடத்துல சும்மா தேங்கி நிக்கிறது ஒண்ணு, செல் சுவருக்குள்ளயே செல்லுலோஸ இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்குறது இன்னொண்ணு. பச்ச மரம் காயும்போது முதல்ல தேங்கின தண்ணிதான் போகும், அப்ப எடை குறையும், அளவு மாறாது. மரத்தோட ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழ வந்ததும் சுவர்ல இருக்குற தண்ணி கழண்டுக்க ஆரம்பிக்கும், சுருக்கம் அங்கதான் தொடங்குது. இதுல வம்பு என்னன்னா, காத்துல ஈரம் ஏறினா மரம் மறுபடி உறிஞ்சிக்கும், வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் சரி. 21 டிகிரி வெப்பத்துல காத்தோட ஈரப்பதம் 30 சதவீதம்னா மரம் சுமார் 6 சதவீதத்துல நிக்கும், 50னா 9, 80 ஆச்சுன்னா 16 வரைக்கும் ஏறும்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீங்கினாலாவது பரவால்ல. ரெட் ஓக் பச்சையில இருந்து எலும்பா காயுற வரைக்கும் நீளவாக்குல 0.1, 0.2 சதவீதம்தான் சுருங்கும். நடுத்தண்டுல இருந்து பட்டையை நோக்கிப் போற திசையில 4 சதவீதம். மரத்தோட வளர்ச்சி வளையம் போற போக்குலயே பாத்தா 8.6. அதனால மரத்த எப்படி அறுத்தாங்கங்கறது எந்த மரம்ங்கறதுக்கு சமமான கேள்வி. பலகை முனைய பாருங்க, வளையக் கோடெல்லாம் நட்டுக்குத்தா நின்னா அது கால்வாசி அறுப்பு, படுத்தாப்புல வளைஞ்சு போனா சாதா அறுப்பு.

ஒரு கணக்கு போடுவோம். 4 மீட்டர் அகல ரூம், சாதாவா அறுத்த ரெட் ஓக், சீசனுக்கு சீசன் மரத்தோட ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்குதுன்னு வைங்க. தடுக்க ஒண்ணும் இல்லன்னா மொத்தத் தரையும் கிட்டத்தட்ட 59 மில்லிமீட்டர் விரியும்! அதையே கால்வாசி அறுப்புல போட்டா 25தான். நெசத்துல ஒவ்வொரு பலகையையும் ஆணி புடிச்சு வெச்சிருக்கறதால இது மொத்தமா ஒரு இடத்துல தெரியாது, 125 மில்லிமீட்டர் பலகைன்னா ஒண்ணுக்கு 1.8 மில்லிமீட்டர்னு பிரிஞ்சு, காஞ்ச காலத்துல மெல்லிசு இடுக்கா தெரியும். அகலப் பலகை அழகுதான், ஆனா பலகை எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு இடுக்கும் பெருசாகும்.

அடுத்தது மரம் எதுன்னு. ஹார்ட்வுட்ங்கற பேர நம்பாதீங்க, அது தாவரவியல் வகைப் பேரு, கையால நசுக்குற பால்சா மரமும் அந்தக் கணக்குல ஹார்ட்வுட்தான். நெசமான கடினத்துக்கு ஜங்கா சோதனை இருக்கு, 11.28 மில்லிமீட்டர் இரும்புக் குண்டை பாதி வரைக்கும் மரத்துல அழுத்த எவ்வளவு விசை வேணும்னு பாப்பாங்க. பிளாக் வால்நட் 1010 பவுண்டு, ரெட் ஓக் 1290, ஹார்ட் மேப்பிள் 1450, ஹிக்கரி 1820. நாற்காலிக் காலு, குதிகால் செருப்பு, நாய் நகம் இதுக்கெல்லாம் இந்த நம்பர் உதவும், வீக்கத்துக்கு உதவாது. தேக்கு ரெட் ஓக்கை விட மிருதுவானது, ஆனா வளையப் போக்குல சுருக்கம் 5.8 சதவீதம்தான், அதனால அடங்கி ஒடுங்கிக் கெடக்கும். வொயிட் ஓக் கதை இன்னும் வேடிக்கை. அதோட குழாய்கள் அடைச்சிருக்கறதால தண்ணி கசியாது, பீப்பாயே அதுலதான் பண்றாங்க, அதனால ஈரத்துக்கு அசையாதுன்னு பலரும் நெனைக்கிறாங்க, ஆனா அதோட சுருக்கம் 10.5, ரெட் ஓக்கை விட ஜாஸ்தி. தண்ணி உள்ள போகாதுங்கறதும் ஆவி போகாதுங்கறதும் வேற வேற விஷயம்.

எஞ்சினியர்டு வுட்னா போலின்னு சிலர் மொகம் சுளிக்கிறாங்க, எனக்கு அது சரியாப் படல. மேல நெஜ மரத்தோட ஒரு தகடு, கீழ ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ஒட்டின அடுக்குகள். நீளவாக்குல மரம் நகராதுன்னு பாத்தோம்ல, ஒரு அடுக்கு விரியப் பாத்தா குறுக்க இருக்குற அடுக்கு விடாது, அவ்ளோதான் சூத்திரம். கான்கிரீட் மேல போடணும்னா நான் இதத்தான் எடுப்பேன். மேல் தகடு தடிமன மட்டும் கேட்டு வாங்குங்க, 1 மில்லிமீட்டர்னா பின்னாடி இழைச்சு புதுசாக்க வழியே இல்ல.

போடுற வேலைக்கு வருவோம். பலகைய மூணு நாள் வீட்டுல வெச்சுட்டா போதும்னு சொல்லுவாங்க, கட்டு பிரிக்காம வெச்சா முப்பது நாள் வெச்சும் புண்ணியமில்ல. ஈரம் பாக்குற மீட்டர்தான் சொல்லணும். பலகைக்கும் அடித்தரை பிளைவுட்டுக்கும் ஈர வித்தியாசம், 75 மில்லிமீட்டருக்குக் குறைஞ்ச பலகைன்னா 4 சதவீதத்துக்குள்ள, அதவிட அகலம்னா 2க்குள்ள இருக்கணும். பூச்சு, பெயிண்ட் வேலையெல்லாம் முடிஞ்சு காஞ்சிருக்கணும். கான்கிரீட்டுக்கு 28 நாள்ங்கறது பலத்துக்கான கணக்கு, காயுறதுக்கு 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாசம்னு தோராயமா வெச்சுக்கலாம், 100 மில்லிமீட்டர் தளம்னா நாலு மாசம்.

சுவர் ஓரமா சுத்தி, பலகை தடிமன் அளவுக்கு, சுமார் 19 மில்லிமீட்டர் இடைவெளி விடணும், சுவர் அடியில ஓடுற ஸ்கர்ட்டிங் பட்டை அத மறைச்சிடும். தெரிஞ்சவங்க ஒருத்தர் வீட்டுல அசிங்கமா இருக்குன்னு அந்த இடைவெளிய கலவை வெச்சு அடைச்சிட்டாங்க, அடுத்த மழைக்கு ஹால் நடுவுல தரை கூடாரம் மாதிரி எழும்பி நின்னுச்சு.

மேல பூசுற பாலிஷ் ஈரத்த தாமதப்படுத்தும், நிறுத்தாது. பலகையோட அடிப்பக்கத்துல பெரும்பாலும் பூச்சே இருக்காது, கீழ இருந்து ஈரம் ஏறினா அடி மட்டும் வீங்கி ஓரங்கள் ரெண்டும் தூக்கி, பலகை குழிஞ்ச ஓடு மாதிரி ஆயிடும். ஒடனே மிஷின கொண்டாந்து தூக்கின ஓரத்த இழைச்சு சமமாக்கிடுவாங்க, அங்கதான் தப்பு நடக்குது. அடி காஞ்சதும் ஓரம் கீழ இறங்கும், ஓரத்துல மரம் ஏற்கனவே போயிடுச்சு, இப்ப நடு மேடாகி நிக்கும். மொதல்ல கசிவு எங்கன்னு பாத்து அடைக்கணும், பலகையோட மேலயும் அடியிலயும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே நம்பர காட்டுற வரைக்கும், மாசக்கணக்கானாலும், இழைக்கிற மிஷின் வீட்டுக்குள்ள வரக்கூடாது.