ஒன்பதாம் கிரேடுக்கு எத்தனை மார்க்?

கருங்கல் பக்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். பேத்தி அங்கே ஜி.சி.எஸ்.இ. எழுதப் போகிறாள், நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. "கணக்குல 9 வாங்க எத்தனை மார்க் வேணும் மக்ளேன்னு கேட்டா, ரிசல்ட் அன்னைக்குத்தான் தெரியும் பாட்டின்னு சொல்லுதா. பரீட்சை எழுதி, பேப்பர் திருத்தி, அதுக்குப் பொறவுதான் கோடு போடுவாங்களாம். 33 வருஷம் 35க்கு பாஸ் போட்ட எனக்கு இது கள்ளக்களியாட்டு தெரியுது."

கள்ளக்களி இல்லை டீச்சர். 35 என்று ஆடாமல் அசையாமல் நிற்கிறதே நம்முடைய கோடு, ஏமாற்றுவது அதுதான். கேள்வித்தாள் ஒரு வருஷம் லேசாக வரும், மறு வருஷம் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு வருஷத்திலும் 35 எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே அளவு கணக்கு தெரியும் என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். கோடு அப்படியே நிற்க, அடியில் தரை ஏறி இறங்குகிறது. அங்கே தரையைப் பார்த்துக் கோட்டை நகர்த்துகிறார்கள்.

விவரம் சுருக்கமாக: கிரேடு 1 முதல் 9 வரை, 9தான் உச்சம். கணக்குக்குப் பெரும்பாலும் மூன்று தாள், ஒவ்வொன்றும் 80, ஆக 240. இந்த முறை முதலில் வந்தது 2017ல். அந்த வருஷம் கடினமான உயர்நிலைத் தாளில் ஐந்தில் ஒரு பங்கு மார்க்கைக்கூடத் தொடாதவர்களுக்கும் 4 கிடைத்தது. அங்கே 4 என்றால் பாஸ் மாதிரி. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் தாள் எப்பேர்ப்பட்டது என்று தெரியாமல் சிரிக்கக் கூடாது.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் விற்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, பூசணம் படர்ந்திருக்கிறதா, புகை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து ஆர்.எஸ்.எஸ். 4, ஆர்.எஸ்.எஸ். 5 என்று ஷீட்டுக்குக் கிரேடு சொல்வார்கள். பக்கத்துத் தோட்டக்காரரின் ஷீட் பளபளவென்று இருப்பதால் உங்கள் ஷீட்டின் கிரேடு இறங்காது. குளச்சலில் மீன் ஏலம் அப்படி இல்லை. அன்றைக்கு எத்தனை வள்ளம் நிறைந்து கரைக்கு வந்தது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நெய்மீனுக்கு விலை. தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஆசை ரப்பர் மாதிரி கிரேடு போட வேண்டும் என்று. ஆனால் அவர்கள் கையில் இருப்பதோ அன்றைய மீன்பாடு, அதாவது அந்த வருஷத்து மார்க், மட்டும்.

ஒரு வருஷம் சராசரி மார்க் 8 குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாள் கடினமா, பிள்ளைகள் மட்டமா? தெரியாத எண் இரண்டு, சமன்பாடு ஒன்று. வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், இதைத் தீர்க்க முடியாது என்று. இன்னொரு சமன்பாடு வேண்டும். அதைத் தேடிப் பிடித்த விதம்தான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது.

கொஞ்சம் கேள்விகளை மட்டும் வருஷா வருஷம் மாற்றாமல், வெளியே விடாமல் பூட்டி வைத்துக்கொள்வது. நங்கூரக் கேள்விகள் என்று சொல்லலாம். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நங்கூரத்துக்கு 20 மார்க். போன வருஷப் பிள்ளைகள் அதில் சராசரியாக 12 எடுத்தார்கள், பெரிய தாளில் 58. இந்த வருஷப் பிள்ளைகளும் நங்கூரத்தில் அதே 12, ஆனால் பெரிய தாளில் 50. அப்படியானால் பிள்ளைகள் மாறவில்லை. தாள்தான் 8 மார்க் அளவுக்குக் கனத்துவிட்டது, கோட்டை இறக்கு. சரி, நங்கூரமும் 12ல் இருந்து 10க்கு இறங்கியிருந்தால்? அந்த 8ல் ஒரு பங்கு பிள்ளைகளுடையது. முழு 8ஐயும் இறக்கினால் அது இனாம். வள்ளம் எவ்வளவு ஒதுங்கியது என்பதை நங்கூரக் கயிறு சொல்லிவிடுகிறது.

இங்கிலாந்தில் 2017 முதல் இதற்கென்றே தனியாக ஒரு தேர்வு நடக்கிறது. 300க்கு மேற்பட்ட பள்ளிகளில் இருந்து பிள்ளைகளை எடுத்து, ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஏறக்குறைய அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். எழுதிய பிள்ளைக்கு மார்க் சொல்வதில்லை, கேள்வித்தாள் வெளியே வருவதில்லை. கோடு போட உட்காரும்போது இது ஒரு சாட்சி. அந்த வருஷம் ஜி.சி.எஸ்.இ. எழுதும் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் எடுத்த மார்க் வழக்கமாக இன்னொரு சாட்சி. போன வருஷம் கோட்டின் மேல் நின்ற விடைத்தாளையும் இந்த வருஷத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மூத்த திருத்துநர்களின் கண் மூன்றாவது.

ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கினால் நாம் கைதட்டுகிறோம். மகேந்திரகிரி பக்கத்திலேயே இருப்பதால் குமரி மாவட்டத்துக்காரர்கள் இன்னும் சத்தமாகத் தட்டுகிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகளின் தலையெழுத்தை அளக்கிற தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் நாலு புள்ளியியல்காரர்களுக்கு நல்ல சம்பளம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

எல்லாக் கோட்டுக்கும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. 1, 4, 7 மூன்றுக்குத்தான் இந்தப் பாடு. நடுவில் வருபவை வெறும் வகுத்தல்: 4க்கு 50, 7க்கு 140 என்று வந்தால், 5க்கு 80, 6க்கு 110. உங்கள் பேத்தி கேட்கும் 9க்கு 2017ல் ஒரு தனிச் சூத்திரம் வைத்தார்கள். எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் 7ஐயோ அதற்கு மேலோ தொட்டார்களோ, அதில் பாதியோடு 7ஐக் கூட்ட வேண்டும். 20 சதவீதம் பேர் தொட்டார்கள் என்றால் 10ம் 7ம் 17. 7ஐத் தொட்ட அந்தப் பிள்ளைகளில் 17 சதவீதத்தினருக்கு 9. மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றரைப் பேர்கூடத் தேறாது. பிந்தைய வருஷங்களில் அந்தத் தரத்தையே பிடித்து வைத்துக்கொண்டு போகிறார்கள். 8 என்பது 7க்கும் 9க்கும் நட்டநடுவே.

சரி, படிக்கிற பிள்ளைக்கு இதனால் என்ன? மேலே போட்ட கணக்கில் ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் 30 மார்க். மூன்று தாளுக்குப் பிரித்தால் தாளுக்கு 10. "இன்னும் நல்லாப் படி" என்றால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் புரியாது, "தாளுக்கு 10 மார்க்" என்றால் புரியும். முந்தைய நாலு வருஷத்துக் கோடுகளைப் பார்க்கும்போது சராசரி எடுக்காமல், இருப்பதிலேயே உயரமான கோட்டை எடுத்து அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வருஷக் கோடு எங்கே விழும் என்று ஜோசியம் பார்ப்பது வீண் வேலை.

நாகர்கோவிலில் என் பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் வேறு ஒரு கோட்டோடு மல்லுக்கட்டினான், பொறியியல் கட்-ஆஃப். இது குளச்சல் ஏலம் சாதி. ஒரு கல்லூரியில் ஒரு பிரிவின் கடைசி இடத்தை எடுத்தவரின் மார்க்தான் கட்-ஆஃப், யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. கணக்கு 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200. கணக்கில் ஒரு மார்க் இயற்பியலில் இரண்டுக்குச் சமம் அல்லவா, பையன் ராத்திரி பகலாகக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தான். அதில் ஏற்கெனவே 94. இயற்பியலில் 62. ஒரு மாதம் முட்டி மோதி 94ஐ 96 ஆக்கினால் கட்-ஆஃபில் 2 கூடும். அதே மாதத்தில் இயற்பியலை 62ல் இருந்து 74க்குக் கொண்டுபோனால் 6 கூடும். எடையைப் பார்த்தவன், ஏற எங்கே இடம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. நோட்டில் எழுதிக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் இயற்பியல் புத்தகத்தைத் தேடப் போனான்.

அவன் அம்மாவின் கவலை எல்லாம் ரேண்டம் எண் மேல். கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி கொடுக்கும் எண் அது. மார்க், பிறந்த தேதி எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போனால் கடைசியில் எடுத்துப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 8 வந்துவிட்டது என்று சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டார். வடை எங்கள் வீட்டுக்கும் வந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த 8க்கும் அவனுக்குக் கிடைத்த சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டீச்சரின் பேத்தி, பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வுத் தாள்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். 240க்கு 181. பள்ளி அந்தத் தேர்வுக்கு 9 என்று போட்ட கோடு 196. குறைவது 15, தாளுக்கு 5. கால்குலேட்டருக்கு அனுமதி உள்ள இரண்டு தாளிலும் 65, 64 என்று எடுத்தவள், அனுமதி இல்லாத முதல் தாளில் 52. போன 28 மார்க்கையும் ஒவ்வொரு கேள்வியாக எண்ணினேன். அதில் 11 மார்க், வழிமுறை சரியாக இருந்தும் பின்னத்தைக் கூட்டும்போதும் நீண்ட வகுத்தலிலும் சறுக்கியவை. 3/8ஐயும் 5/12ஐயும் கூட்ட, கீழே 96 போட்டு, மேலே 76க்குப் பதில் 74 எழுதியிருக்கிறாள். 24 போதும் என்று தோன்றவே இல்லை.

டீச்சருக்குச் சொன்னேன். மறுநாளே வீடியோ காலில் கரும்பலகை வைத்துவிட்டார். இங்கே ராத்திரி 10 மணி, அங்கே பள்ளி விட்டு வந்து சாயங்காலம் நாலரை. முதல் பாடம் மீச்சிறு பொது மடங்கு.