எஞ்சின் நின்றதும் ஓடுதளத்துக்குத் திரும்பலாமா?

"சார், வானத்துல எஞ்சின் நின்னுட்டா கல்லு மாதிரி விழுந்துடுமா?" விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது. விழாது. செஸ்னா 172 போன்ற சின்ன விமானம், காற்று அதிகம் இல்லாத நாளில், 1,000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சறுக்கியே போய்விடும். மூக்கை இறக்கி வேகத்தைக் காப்பாற்றினால் போதும்.

விமானம் தரையிலிருந்து கிளம்பிய முதல் நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம். மூக்கு மேலே தூக்கியிருக்கும், வேகம் குறைவு, உயரமும் இல்லை. அப்போது எஞ்சின் அடங்கினால் கை தானாகவே ஓடுதளத்தின் பக்கம் திருப்பப் பார்க்கும். அவ்வளவு நீளமான ஓடுதளம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எதிரில் இருக்கும் வயலில் இறங்க யாருக்கு மனசு வரும்? ஆனால் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காமல் போகும் வேகம், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 60 டிகிரி என்றால் 41 சதவீதம். அந்த உயரத்தில் ஓர் இறக்கை சரிந்தால் மீட்க இடம் கிடையாது.

2015 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு நடந்தது இதுதான். அவர் ஓட்டியது 1942-இல் செய்த ரையன் பயிற்சி விமானம்; அவர் பிறந்ததும் அதே வருடம். சுமார் 1,100 அடியில் எஞ்சின் சக்தி போய்விட்டது. அவரும் திரும்பத்தான் செய்தார். ஆனால் வேகத்தை மணிக்கு 85 மைலில் விடாமல் பிடித்திருந்தார். ஓடுதளத்தை எட்ட முடியாது என்று தெரிந்ததும் கோல்ஃப் மைதானத்தின் திறந்தவெளிக்குப் போனார். ஒரு மரத்தின் உச்சியில் உரசி விழுந்தாலும், பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்.

காரணம் என்ன தெரியுமா? கார்பரேட்டருக்குள் எரிபொருளை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளைத் திருகு ஒன்று மரை கழன்று வந்துவிட்டது. எரிபொருள் அளவுக்கு மீறிப் போய் எஞ்சின் திணறியது. அதை அவ்வப்போது பார்க்கச் சொல்லும் பராமரிப்புக் குறிப்பே இருக்கவில்லை.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. பிறகு பொருத்திய தோள் பெல்ட்டை வலுவில்லாத இருக்கை முதுகில் மாட்டியிருந்தார்கள். மோதலில் அது தாங்கவில்லை, காயம் கூடியது. பழைய விமானத்தில் ஏறும்போது பெல்ட்டை இழுத்துப் பார்த்ததோடு விடாதீர்கள். பின்னால் எதில் மாட்டியிருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நான் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.