எண் கிடைத்துவிட்டது, அது எந்தக் கேள்விக்கான பதில்?

பகுப்பாய்வு வேதியியலில் வேலை தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தெந்தக் கருவிகளை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான். கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி, ஆவியாகும் சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ், உலோகங்களை மிகச் சிறு அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் என்று பட்டியல் போடலாம். ஒரு கருவியை இயக்கச் சில மாதங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். அது தரும் எண் எதைப் பற்றியது, எதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை என்று சொல்லத் தெரிவதற்குத்தான் வருடங்கள் பிடிக்கும். மருந்துத் தொழிற்சாலை, அரசின் குடிநீர் ஆய்வகம், விமானப் பாகங்களைச் சோதிக்கும் கூடம் என எங்கே போனாலும் கருவிகள் ஏறக்குறைய இவைதான். கேட்கப்படும் கேள்விதான் இடத்துக்கு இடம் மாறும். அதைக் கவனிக்காமல் பழைய பழக்கத்தை அப்படியே புதிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதால் வரும் தவறுகள் அதிகம்.

2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். அங்கே எந்தக் கருவியும் பழுதாகவில்லை. பாலின் புரதத்துக்குச் செய்யும் கெல்டால் சோதனை, உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. சாம்பிளை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜனை அம்மோனியம் உப்பாக்கி, காரம் சேர்த்து அம்மோனியாவாக வடித்து, டைட்ரேஷன் செய்கிறோம், அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கிறோம். கிடைத்த நைட்ரஜனை, பால் புரதத்துக்கான மாற்று எண்ணான 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். மெலமைனின் எடையில் 66.6% நைட்ரஜன். எனவே ஒரு கிராம் மெலமைன் கணக்கில் 4.25 கிராம் புரதமாக ஏறிவிடும். கலப்படக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. பாலில் 12% டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் இருக்கும்படி சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்கி, அந்த வீழ்படிவில் மட்டும் நைட்ரஜன் பார்த்தால் மெலமைன் வடிநீரோடு போய்விடும். கூடுதலாக ஒரு வடிகட்டல், அவ்வளவுதான். ஆனால் பொருளை வாங்குபவர் கேட்டது மொத்த நைட்ரஜனை. ஆய்வகமும் அதையே கொடுத்தது.

மருந்துத் துறையில் இதே பாடம் 2018-ல் வந்தது. வல்சார்ட்டான் என்ற இரத்த அழுத்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் வகைச் சேர்மம் இருப்பது தெரியவந்து, பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. மருந்து மூலக்கூறில் உள்ள டெட்ரசோல் வளையத்தை உருவாக்க அசைடு பயன்படுத்துவார்கள். மீந்த அசைடை அழிக்கச் சோடியம் நைட்ரைட் சேர்ப்பார்கள். கரைப்பானாக இருந்த டிஎம்எஃப் சிறிதளவு சிதைந்து டைமெதில் அமீன் தருகிறது. அதுவும் நைட்ரைட்டும் அமிலத்தில் சந்தித்தால் என்டிஎம்ஏ. வழக்கமான புறஊதா டிடெக்டர் உள்ள ஹெச்பிஎல்சி சோதனை 0.05% அளவில், அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) அளவில் மாசுகளைத் தேடுகிறது. வல்சார்ட்டானில் என்டிஎம்ஏவுக்கு வைக்கப்பட்ட வரம்போ 0.3 பிபிஎம். ஆயிரம் மடங்குக்கும் மேல் இடைவெளி. அறிக்கையில் எல்லாம் 'தேர்ச்சி' என்று இருந்ததில் வியப்பில்லை. தயாரிப்பு வழியைப் படித்து, இந்த வினைப்பொருள்கள் சேர்ந்தால் என்ன உருவாகும் என்று காகிதத்தில் யோசித்திருந்தால் மட்டுமே அதைத் தேடத் தோன்றியிருக்கும்.

தேடத் தொடங்கிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் புரோட்டான் ஏறிய என்டிஎம்ஏவின் நிறை 75.055. மாத்திரையில் டிஎம்எஃப் எச்சம் இருந்து, இயற்கையாகவே அதில் கொஞ்சம் இருக்கும் நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்ட மூலக்கூறு வந்தால், அதன் நிறை 75.057. கருவியின் பிரிதிறன் போதாமல், கருவியிலிருந்து வெளிவரும் நேரத்திலும் இரண்டும் பிரியாமல் ஒன்றாக வந்தால், இல்லாத என்டிஎம்ஏ இருப்பதாகக் காட்டும். டிஎம்எஃபை மட்டும் தனியாகச் செலுத்திப் பார்த்து அந்த இடத்தில் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்யாத முறையை நம்பக் கூடாது.

வரம்புக்கு வெளியே முடிவு வந்தால் என்ன செய்வது என்பதில் புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். முதல் வேலை, எதையும் கொட்டாமல் வைப்பது. வையலில் (கருவியில் வைக்கும் சிறு குப்பியில்) உள்ள கரைசல், மீதமுள்ள ஸ்டாண்டர்டு (ஒப்பிடப் பயன்படும், செறிவு தெரிந்த கரைசல்), வடிகட்டி, எடை போட்ட தாள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதே வையலை மறுபடி செலுத்தினால் கருவிப் பிழையா என்று தெரியும். அதே மூலக் கரைசலை மறுபடி நீர்த்தால் பைப்பெட் பிழையா என்று தெரியும். கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்தால் இரண்டுமே தெரியாது. சராசரியும் ஆபத்தானது. வரம்பு 95 முதல் 105 வரை என்று வைத்துக்கொள்வோம். 94.1, 93.8, 97.3 என்று மூன்று முடிவுகள். சராசரி 95.07, தேர்ச்சி. ஆனால் மூன்றில் இரண்டு தோல்வி. காரணம் கண்டுபிடிக்காமல் தேர்ச்சி வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்கும் பழக்கத்தை 1993-ல் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இன்றைய மருந்து ஆய்வக விதிகளில் பல அந்தத் தீர்ப்பின் வழிவந்தவை.

தொழிற்சாலையிலிருந்து அரசு ஆய்வகத்துக்கு வருபவருக்கு முதலில் உறுத்துவது வேகக் குறைவு. ஒரு பாட்டில் வந்தால் முத்திரை சரியா, யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. அந்த எண் ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகம் ஒன்றில் போதைப்பொருள் சாம்பிள்களைச் சோதிக்காமலே முடிவு எழுதியது 2012-ல் வெளிவந்தது. அதன் விளைவாக 2017-ல் 20,000-க்கும் அதிகமான வழக்குகள் தள்ளுபடி ஆயின. அந்தக் கையெழுத்துகளின் மதிப்பை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குடிநீரில் ஈயம் பார்ப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அமெரிக்காவின் 1991-ம் ஆண்டு விதிப்படி குழாய் குறைந்தது 6 மணி நேரம் பயன்படுத்தப்படாமல் இருக்க வேண்டும். அதன்பின் வரும் முதல் ஒரு லிட்டரை எடுக்க வேண்டும். ஈயம் தண்ணீர் ஆலையிலிருந்து வருவதில்லை. வீட்டுக் குழாயிலிருந்தும் பற்றவைத்த இணைப்பிலிருந்தும், தண்ணீர் தேங்கி நிற்கும்போது கரைகிறது. முந்தைய இரவு குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிடச் சொன்னால், முனையிலுள்ள சல்லடையைக் கழற்றச் சொன்னால், வாய் குறுகிய பாட்டில் கொடுத்து மெதுவாகப் பிடிக்க வைத்தால், எண் இறங்கிவிடும். பழைய ஈயத் துகள் சல்லடையில்தான் மாட்டியிருக்கும். வேகமாக ஓடும் தண்ணீர்தான் குழாய்ச் சுவரிலிருந்து துகளைப் பெயர்க்கும். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 2014-ல் நீர் ஆதாரத்தை மாற்றி, அரிமானத்தைத் தடுக்கும் பாஸ்பேட்டையும் சேர்க்காமல் விட்டபோது, மக்களுக்குக் கொடுத்த சாம்பிள் குறிப்பில் குழாயை முன்கூட்டியே ஓடவிடச் சொல்லியிருந்தார்கள். 2016-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஓடவிடாதே, சல்லடையைக் கழற்றாதே, அகன்ற வாய் பாட்டில் கொடு என்று வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது.

பாட்டில் ஆய்வகத்துக்கு வந்த பிறகும் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஹெச் 2-க்குக் கீழே இறக்கி, குறைந்தது 16 மணி நேரம் வைத்த பிறகே அளக்க வேண்டும். அவசரத்தில் இந்தக் காத்திருப்பை விட்டால் குறைவான எண் வரும், யாருக்கும் சந்தேகமும் வராது. ஐசிபி-எம்எஸ்ஸில் ஈயம்-208 என்ற ஒரே ஐசோடோப்பை அளந்து கணக்கிடுவதும் தவறு. எந்தச் சுரங்கத்துத் தாதுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறும். ஸ்டாண்டர்டின் விகிதமும் சாம்பிளின் விகிதமும் வேறாக இருக்கலாம். ஆகவே 206, 207, 208 மூன்றையும் கூட்ட வேண்டும்.

அரசுப் பணியில் இன்னொன்றும் புரிந்திருக்க வேண்டும். செறிவு குறையக் குறைய ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாடு பெருகும். வேதியியலாளர் ஹார்விட்ஸ் கண்ட தொடர்புப்படி 1 பிபிஎம் அளவில் ஆய்வகங்களுக்கிடையே 16% சிதறல் இயல்பு. 1 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் 45%. வரம்பு 10 என்று இருக்கும்போது 10.4 என்று வந்த முடிவை, நிச்சயமின்மை எவ்வளவு என்று சொல்லாமல் அறிக்கையில் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிடுவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

விமான, விண்வெளித் துறையில் நிலைமை வேறு. மருந்தில் ஒரு லட்சம் மாத்திரையிலிருந்து இருபதை எடுக்கலாம். இங்கே பல நேரங்களில் பாகம் ஒன்றே ஒன்று. வெட்டிச் சோதித்தால் பாகம் போய்விடும். டைட்டானியம் கலவையில் ஆக்சிஜன், நைட்ரஜன் பார்க்க ஒரு சிறு துண்டை நிக்கலோடு சேர்த்து கிராஃபைட் மூசையில் ஹீலியம் ஓட்டத்தில் 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறோம். ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் வெளியேறும். வெட்டும்போது துண்டு சூடேறினால் காற்றிலிருந்து வாயுவை உறிஞ்சிவிடும். மேற்பரப்பை அராவி, அமிலத்தில் அரித்துச் சுத்தம் செய்யாவிட்டால் ஆக்சைடு படலமும் சேர்ந்து அளக்கப்படும். இதெல்லாம் சரியாகச் செய்து 'நைட்ரஜன் 0.05%-க்குள்' என்று சான்று கொடுத்தாலும், அது அந்தத் துண்டின் சராசரி மட்டுமே.

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் விசிறித் தட்டு பறக்கும்போதே சிதறியது. அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்த அந்த விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தட்டு செய்த டைட்டானியத்தை உருக்கியபோது ஓரிடத்தில் நைட்ரஜன் செறிந்து, கண்ணாடி போல உடையும் ஒரு சிறு குறை உள்ளே தங்கிவிட்டது. விரிசல் அங்கேதான் பிறந்தது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள தட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக் குறையை, ஓரத்திலிருந்து எடுத்த துண்டின் வேதிச் சோதனை ஒருபோதும் பிடிக்காது. அதைப் பிடிக்க அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும், உருக்கும் முறையே மாற வேண்டும். தன் சோதனை எட்டாத இடத்தை அறிக்கையிலேயே எழுதிக்கொடுக்கும் வேதியியலாளர்தான் இந்தத் துறைக்குத் தேவை.

வெற்றிடத்தில் விண்கலப் பொருள்களிலிருந்து எவ்வளவு ஆவி வெளியேறும் என்று பார்க்கும் சோதனையிலும் இதே நுணுக்கம். ஏஎஸ்டிஎம் இ595 என்ற தரச் சோதனை முறையில் பசை, ரப்பர், வண்ணப்பூச்சு எதுவானாலும் வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பார்கள். மொத்த எடை இழப்பு 1 சதவீதத்தையும், 25 டிகிரியில் உள்ள தகட்டில் படிவது 0.1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. தகடு 25 டிகிரியில் இருப்பதைக் கவனியுங்கள். மைனஸ் 100 டிகிரியில் இயங்கும் கேமரா டிடெக்டரின் மேல், அந்தத் தகட்டில் நிற்காமல் போன ஆவியும் படியும். தேர்ச்சி பெற்ற பசை, அந்த டிடெக்டருக்குப் பக்கத்தில் பாதுகாப்பு என்று பொருளில்லை. இரண்டு பகுதிப் பசையில் கலவை விகிதம் தவறினாலும், இறுகும் நேரத்தைக் குறைத்தாலும், பழைய சான்றிதழ் அந்தத் தொகுதிக்குச் செல்லாது.

பரப்பின் சுத்தத்தைப் பார்க்கத் துடைத்து எடுக்கும்போது நம் கையுறையே சாம்பிளாகிவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பட்டதும் சில கையுறைகளிலிருந்து பிளாஸ்டிக் மென்மையாக்கி கரைந்து வரும். பாலித்தீன் பையிலிருந்து வழுக்கல் தரும் அமைடு வரும். அகச்சிவப்பு நிறமாலையில் (அலைஎண், செ.மீ⁻¹ அலகில்) 1260, 800 பகுதிகளில் கூர்முனையும் இடையே 1100-1020ல் அகன்ற பட்டையும் தெரிந்தால் சிலிக்கோன். 1650-ஐ ஒட்டி வந்தால் அமைடாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே கையுறை, அதே துணி, அதே கரைப்பான் கொண்டு எதையும் துடைக்காத ஒரு பிளாங்க் எடுத்தாக வேண்டும். நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது அதுதான்.

பிளாங்க் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செவ்வாயைப் பாருங்கள். 1976-ல் வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கியபோது குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் வந்தன. பூமியில் கருவியைச் சுத்தம் செய்த கரைப்பானின் எச்சம் என்று அதைத் தள்ளினார்கள். 2008-ல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் குளோரின் கொண்ட பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டது. மண்ணில் கொஞ்சம் கரிமப் பொருள் இருந்து, சூடேறும்போது பெர்குளோரேட்டோடு வினைபுரிந்தாலும் அதே சேர்மங்கள் வரும். அன்று கண்டது எது என்ற விவாதம் பல வருடங்கள் ஓடியது. அதன்பின் செவ்வாய்க்குப் போன பெர்செவரன்ஸ் ஊர்தி, சாம்பிள் சேகரிக்க 43 குழாய்களோடு போனது. அவற்றில் 5 சாட்சிக் குழாய்கள், அதாவது பிளாங்க். துளையிடும் இடத்திலேயே, பாறைக் குழாய்க்குச் செய்யும் அசைவுகளை இவற்றுக்கும் செய்து, பாறை சேர்க்காமல் மூடி வைப்பார்கள்.