பனிக்காலத்தில் ஓவர்ஹெட் ஏன் ஏறுகிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஏப்ரல் பிறந்தால் முதலாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போன காலாண்டைவிட ஓவர்ஹெட் இவ்வளவு ஏறியிருக்கிறதே, மேனேஜர் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்?" ஓவர்ஹெட் என்றால் இலை, நேரடிக் கூலி தவிர ஆலையை நடத்த ஆகும் மற்ற செலவுகள். அது ஏறியதில் பெரும்பாலும் மேனேஜர் மேல் தப்பே இருக்காது.

பனிக்காலத்தில் இலை வரத்து விழுந்துவிடும். உறைபனி இறங்கிய தோட்டத்தில் கொழுந்தே கருகிப்போகும். ஆனால் ஃபேக்டரி சூப்பர்வைசர், வாட்ச்மேன் சம்பளம், இன்சூரன்ஸ், தேய்மானம் எதுவும் அதற்காகக் குறையாது. உயர் அழுத்த மின் இணைப்பின் டிமாண்ட் கட்டணமும் (ஒதுக்கி வாங்கிய மின் அளவுக்கான கட்டணம்) அப்படித்தான், மெஷின் நின்றாலும் பில் வரும். காலாண்டுக்கு நிலையான செலவு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் கிலோ தேயிலைத் தூள் போட்டால் கிலோவுக்கு 10 ரூபாய். ஒன்றரை லட்சம் கிலோதான் போட்டோம் என்றால் 20 ரூபாய். கூடுதலாக ஒரு பைசா செலவாகவில்லை, கிலோக் கணக்கு மட்டும் இரட்டிப்பு. போதாததற்கு, இலை குறைந்த இந்த மாதங்களில்தான் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரையும், அதைக் காயவைக்கும் டிரையரையும் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள்.

சிலர் அந்த 20 ரூபாயை அப்படியே குடோன் சரக்கின் மதிப்பில் ஏற்றிவிடுகிறார்கள். சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2 இதற்கு இடம் தருவதில்லை. நிலையான உற்பத்திச் செலவை ஆலையின் வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துத்தான் பங்கிட வேண்டும். பங்கிடாமல் நிற்கும் தொகை அந்தக் காலத்தின் செலவு. சரக்கில் ஒளித்தால் லாபம் பார்க்க அழகாக இருக்கும். தூள் ஏலத்துக்குப் போகும்போது குட்டு உடைந்துவிடும்.

போனஸ் வேறு கதை. சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். நிதியாண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு முன் கொடுப்பது வழக்கம். பணம் போன மாதத்திலேயே மொத்தத்தையும் செலவாக எழுதினால் அந்தக் காலாண்டு ஊதிப்போகாமல் என்ன செய்யும்? அது போன வருஷத்து உழைப்புக்கான பணம்; அப்போதே மாதாமாதம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரே செக்கில் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் 12 மாதத்துக்குப் பிரித்துவிடலாம்.

ரிப்பேருக்கு அப்படிச் செய்ய முடியாது. ஜனவரியில் செய்யப்போகும் வேலைக்கு ஜூலையிலேயே செலவு எழுதிவைக்க, காலாண்டு போன்ற இடைக்காலக் கணக்குகளுக்கான கணக்கியல் தரநிலை 25 அனுமதிப்பதில்லை. வேலை நடக்கும் காலாண்டுதான் அதைச் சுமக்க வேண்டும்.

நிஜமாகவே கூடுதலாகப் பணம் போகும் காலமும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மண் சரிந்தால் லாரி கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அது விற்பனைச் செலவில் ஏறும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் டீசல் குடிக்கும்.

அதனால் ஜனவரி-மார்ச் கணக்கை அக்டோபர்-டிசம்பரோடு வைத்துப் பார்க்காதீர்கள். போன வருஷத்து ஜனவரி-மார்ச்சை எடுங்கள், மொத்தத் தொகையையும் கிலோக் கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தமே ஏறியிருந்தால், முதலில் ரிப்பேர் பில்களையும் டீசல் கணக்கையும் புரட்டுங்கள்.